கோடையில் பிள்ளைகளுக்கு வீட்டுத் தயிரில் ஐஸ்

ஏப்ரல், மே மாதங்களில் ஐஸ் வண்டியின் மணிச் சத்தம் கேட்டால் போதும், கிராமத்துப் பிள்ளைகள் காசு கேட்டு அடம் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருக்கும் குடும்பங்களிலும் இதே நிலைதான். காலையும் மாலையும் கறந்த பாலை முழுவதுமாகச் சங்கத்திற்கு ஊற்றிவிட்டு, அந்தப் பணத்தில் நிறமும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குச்சியில் உறைய வைத்து விற்பதை வாங்கிக் கொடுக்கிறோம். வண்டியில் வரும் ஐஸ் எல்லாமே கெட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனால் அது எந்தத் தண்ணீரில், எந்தக் கையால் செய்யப்பட்டது என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

வீட்டுப் பாலில் ஒரு லிட்டரை மட்டும் ஒதுக்கினால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் போதுமான தயிர் ஐஸ் தயாரிக்கலாம். பிரிட்ஜ் இல்லாத வீட்டிலும் செய்ய முடியும்.

குளிர் கிருமியைக் கொல்லாது

செய்முறைக்கு முன் ஓர் உண்மையை மனதில் கொள்ள வேண்டும். ஐஸாக உறைந்துவிட்டால் கிருமிகள் செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. உறையும்போது கிருமிகளின் பெருக்கம்தான் நிற்கிறது. அவற்றில் பல உயிரோடு இருந்து, வயிற்றுக்குள் சென்றதும் மீண்டும் பெருகுகின்றன. எனவே சுத்தம் என்பது உறைய வைப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பச்சைப் பாலை அப்படியே உறை ஊற்றவோ, ஐஸ் செய்யவோ கூடாது. காசநோய், மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா நோய் ஆகியவற்றின் கிருமிகள் பச்சைப் பால் மூலம் மனிதருக்கும் வரக்கூடும். பாலைப் பொங்கக் காய்ச்சினால் இவை அழிந்துவிடும்.

மடி வீக்க நோய்க்கு மருந்து போட்ட மாட்டின் பாலையும், கால்நடை மருத்துவர் சொன்ன நாட்கள் முடியும் வரை பயன்படுத்தக் கூடாது. காய்ச்சினாலும் மருந்து முழுவதும் போய்விடாது. அந்தப் பாலில் உறை ஊற்றினால் பெரும்பாலும் தயிர் சரியாகத் தோயாது. தயிராக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் அம்மருந்து கொன்றுவிடுவதே காரணம்.

தேவையான பொருட்கள்

பசும்பால் அல்லது எருமைப்பால் 1 லிட்டர், புளிப்பில்லாத உறைத் தயிர் 2 தேக்கரண்டி, நன்கு பழுத்த மாம்பழக் கூழ் 1 டம்ளர், சர்க்கரை 5 அல்லது 6 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. மாம்பழத்துக்குப் பதில் வாழைப்பழம் அல்லது சப்போட்டா சேர்க்கலாம். சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியோ நாட்டு வெல்லமோ சேர்ப்பதானால், சிறிது தண்ணீரில் கொதிக்க வைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறிய பின் சேர்க்க வேண்டும்.

அன்னாசியையும் பப்பாளியையும் பச்சையாகச் சேர்க்கக் கூடாது. இவற்றில் பால் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளதால் கலவை கசந்துவிடும். கூழாக்கிச் சில நிமிடங்கள் கொதிக்க வைத்து ஆற்றினால் இந்தக் குறை வராது.

தயிர் தயாரித்தல்

பால் பொங்கி வந்த பிறகும் தீயைக் குறைத்து, கிளறிக் கொண்டே பத்து நிமிடம் காய்ச்சவும். பால் சற்றுச் சுண்டுவதால் தயிர் கெட்டியாகும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் உறைத் தயிரைக் கலந்து மூடி வைக்கவும். கோடையில் நான்கைந்து மணி நேரத்தில் தோய்ந்துவிடும். தோய்ந்த உடனே எடுத்துவிட வேண்டும். மேலும் வெளியே இருந்தால் புளித்துவிடும். புளித்த தயிருக்கு எவ்வளவு சர்க்கரை போட்டாலும் பிள்ளைகள் விரும்ப மாட்டார்கள்.

அடுத்து, வெந்நீரில் கொதிக்க வைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியில் தயிரை ஊற்றி, இரண்டு மணி நேரம் வடிய விடவும். பிரிட்ஜ் இருந்தால் வடிகட்டியில் துணியை விரித்து அதற்குள்ளேயே வைப்பது நல்லது. ஏறத்தாழ பாதி எடைக்குக் கெட்டித் தயிர் கிடைக்கும். தண்ணீரை வடிக்காமல் உறைய வைத்தால் பெரிய ஐஸ் படிகங்கள் உண்டாகி, நாக்கில் நறநறவென்று இருக்கும்.

வடிந்த தெளிநீரைக் கொட்டிவிடாதீர்கள். தயிர் புளிப்பாகும்போது பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி இந்த நீரில் கரைந்து வந்துவிடுகிறது. ரசத்தில் சேர்க்கலாம், சப்பாத்தி மாவு பிசையலாம், உப்பும் கறிவேப்பிலையும் போட்டு அன்றைக்கே குடிக்கலாம்.

பிரிட்ஜில் உறைய வைத்தல்

கெட்டித் தயிர், பழக்கூழ், சர்க்கரை, உப்பு ஆகியவற்றை மத்தால் நன்கு கடைந்து கலக்கவும். குளிர்ந்த பண்டத்தில் இனிப்பு குறைவாகத் தெரியும். ஆகவே கலவை சற்றுத் தூக்கலான இனிப்போடு இருக்கட்டும். சர்க்கரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது உறையும் வெப்பநிலையைத் தாழ்த்துவதால் ஐஸ் கல்லாக இறுகாமல் மிருதுவாக இருக்கும். ஆனால் அளவு மீறினால் உறையவே உறையாது.

கலவையை மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி பிரீசரில் வைக்கவும். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் ஓரங்கள் உறைந்திருக்கும். அவற்றைச் சுரண்டி மீண்டும் கடையவும். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்த பின் சிறு டம்ளர்களிலோ இட்லித் தட்டின் குழிகளிலோ ஊற்றி, மூடி வைத்து உறைய விடவும். நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். எடுக்கும்போது பாத்திரத்தின் அடியை ஒரு கணம் தண்ணீரில் நனைத்தால் கழன்று வரும். ஈர்க்குச்சி செருகிக் கொடுக்க வேண்டாம், வாயில் குத்தும். சிறு கரண்டி போதும்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில்

குல்பி விற்பவர்கள் கையாளும் பழைய முறையே இதற்கு உதவும். ஐஸோடு கல் உப்பைக் கலந்தால், ஐஸ் வேகமாக உருகி, சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக் கொள்கிறது. இதனால் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி செல்சியசுக்கும் தாழ்வாகச் செல்லும். இனிப்புச் சேர்த்த தயிர் உறைய இந்தக் குளிர் போதுமானது.

உடைத்த ஐஸ் 3 கிலோவுக்குக் கல் உப்பு 1 கிலோ என்ற கணக்கில் ஒரு வாளியில் அடுக்கடுக்காகப் போடவும். வாளியைச் சாக்கினால் சுற்றி, நெல் உமி நிரப்பிய பெட்டிக்குள் வைத்தால் குளிர் வெளியேறாது. இறுக்கமான மூடியுள்ள தூக்குவாளியில் பாதியளவு கலவையை ஊற்றி ஐஸுக்குள் புதைத்து, கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பிக் கொண்டிருக்கவும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் துடைத்துவிட்டுத் திறந்து, ஓரங்களைச் சுரண்டிக் கிளறவும். அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் கெட்டிப்படும். அப்போதே பரிமாறிவிட வேண்டும்.

கடையில் வாங்கும் பாளம் ஐஸ் பெரும்பாலும் உண்பதற்கென்று செய்யப்படுவதில்லை. அது வெளியில்தான் இருக்க வேண்டும். ஒரு துளியும் தூக்குக்குள் விழக் கூடாது. உப்பு ஐஸைப் பிள்ளைகள் கையால் தொடவும் விடக் கூடாது, தோல் புண்ணாகிவிடும். வேலை முடிந்ததும் உப்பு நீரை வாழை, தென்னை அடியிலோ மாடு குடிக்கும் இடத்திலோ ஊற்றக் கூடாது.

தாய்மார்கள் கேட்பவை

*சளி பிடிக்காதா?* சளி வைரஸ் கிருமிகளால் வருகிறதே தவிர, குளிர்ந்த பண்டத்தால் அல்ல. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ள பிள்ளைக்கு மட்டும் குணமாகும் வரை தர வேண்டாம். வயிற்றுப்போக்குக்குத் தேவை உப்புச் சர்க்கரைக் கரைசலும் மருத்துவர் ஆலோசனையும்தான்.

*தேன், நிலக்கடலை சேர்க்கலாமா?* ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுக் கடலை தொண்டையில் அடைக்கும், பொடித்துச் சேர்க்கவும்.

*மின்தடையில் உருகிவிட்டால்?* வெகுநேரம் சூட்டில் கிடக்காமல், குளிர்ச்சி போகாமல் இருந்தால், உடனே லஸ்ஸியாகக் குடித்துவிடலாம். மறுபடி உறைய வைக்கக் கூடாது. உருகிய நேரத்தில் பெருகிய கிருமிகள் அப்படியே உள்ளே தங்கிவிடும். நன்கு உறைந்ததையும் ஒரு வாரத்திற்குள் தீர்த்துவிடுவது நல்லது.

*விற்பனைக்குச் செய்யலாமா?* செய்யலாம். ஆனால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சிறிய அளவில் விற்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டில் சில மாதம் செய்து கைப்பழக்கம் ஏற்பட்ட பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

ஒரு லிட்டர் பாலின் புரதத்தில் பெரும்பகுதி இந்தப் பன்னிரண்டு பங்குகளில் தங்கிவிடுகிறது. ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ 2 கிராம் கிடைக்கும். நிறம் கலந்த தண்ணீர் ஐஸில் இது அறவே இல்லை. கறவை மாடு வைத்திருப்போர் இக்கோடையில் வாரம் ஒரு நாளாவது சங்கத்துக்குப் போகும் பாலில் ஒரு லிட்டரை வீட்டில் நிறுத்தி, இம்முறையைச் செய்து பார்த்துப் பயன் பெறலாம்.