கணினி முறைமை நிர்வாகக் கல்வி

கணினி முறைமை நிர்வாகக் கல்வி என்பது வழங்கிகள், வலையமைப்புகள், பயனர் கணக்குகள், காப்புநகல்கள் ஆகியவற்றை அமைத்துத் தடையின்றி இயங்கவைக்கும் பணியைப் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கற்பிப்பதாகும். நிரலாக்கப் பாடத்தில் மாணவர் செய்யும் பிழை பெரும்பாலும் அவருடைய நிரலோடு நின்றுவிடும். முறைமை நிர்வாகத்தில் ஒரு தவறான கட்டளை பிறருடைய கோப்புகளையும் அழித்துவிடக்கூடும். முழு அதிகாரம் தராமல் இதைக் கற்பிக்க இயலாது. தந்தால் சேதம் நேரலாம். இதுவே இப்பாடத்தின் அடிப்படைச் சிக்கல்.

வரலாறு

தொடக்கத்தில் முறைமை நிர்வாகம் தனிப் பாடமாக இருக்கவில்லை. பல்கலைக்கழகக் கணினி மையங்களில் பகுதிநேரமாக வேலை செய்த மாணவர்கள், கைத்தொழில் பழகுவதுபோல் மூத்தவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டனர். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் எவி நெமத் இம்முறையில் மாணவர்களைப் பயிற்றுவித்தவர்களில் குறிப்பிடத்தக்கவர். அவர் உள்ளிட்ட மூவர் எழுதிய யூனிக்ஸ் முறைமை நிர்வாகக் கையேடு 1989-இல் வெளிவந்து, பின்னர் பலமுறை திருத்திப் பதிப்பிக்கப்பட்டது.

நார்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகக் கல்லூரியில் மார்க் பர்கெஸ் இத்துறையை ஆய்வுக்குரியதாக வளர்த்தார். கணினிகளின் அமைப்பைத் தானாகச் சீர்செய்யும் சிஎஃப்என்ஜின் மென்பொருளை அவர் 1993-இல் உருவாக்கினார். 2000-களில் ஒஸ்லோவிலும் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்திலும் இத்துறைக்கென முதுநிலைப் படிப்புகள் நடத்தப்பட்டன.

ரூட் அதிகாரமும் ஆய்வகமும்

யூனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளங்களில் அனைத்து உரிமைகளும் கொண்ட கணக்கு 'ரூட்' எனப்படும். இக்கணக்கில் இட்ட கட்டளையைக் கோப்பு அனுமதிகள் பொதுவாகத் தடுப்பதில்லை. எனவே கல்லூரியின் பொது வழங்கிகளில் மாணவர்களுக்கு இவ்வுரிமை தரப்படுவதில்லை. முன்பு இதற்கெனத் தனிக் கணினிகளை ஒதுக்கி, வளாக வலையமைப்பிலிருந்து பிரித்துவைத்து, பழுதானால் இயங்குதளத்தை மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது.

மெய்நிகர் கணினிகள் இந்நிலையை மாற்றின. 1999-இல் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் வெளிவந்தபின், ஒரே மேசைக்கணினிக்குள் பல கணினிகளை இயக்குவது எளிதாயிற்று. இன்று ஒரு மாணவர் தம் மடிக்கணினியிலேயே பெயர் வழங்கி, இணைய வழங்கி, பயனர் கணினி என ஒரு சிறு வலையமைப்பை அமைத்துக்கொள்ளலாம். செய்முறைக்கு முன் அதன் நிலையைப் பதிந்துவைத்தால், எல்லாம் கெட்டுப்போனாலும் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

2013-இல் அறிமுகமான டாக்கர் போன்ற கொள்கலன்கள் இன்னும் இலகுவானவை. ஆனால் அவை தாய்க்கணினியின் கருவகத்தையே பகிர்ந்துகொள்வதால், கணினி தொடங்கும் முறை, வட்டைப் பிரித்தல் போன்றவற்றைக் கற்பிக்க ஏற்றவை அல்ல.

பழுதறிதல்

நிறுவுதலை விடப் பழுதறிதலே கடினமான பகுதி. ஆசிரியர் வேண்டுமென்றே பழுதாக்கிய கணினியை மாணவரிடம் தருவது இதற்குரிய பயிற்சி. எடுத்துக்காட்டாக, வட்டு நிரம்பிவிட்டதால் ஒரு பெரிய பதிகைக் கோப்பு அழிக்கப்படுகிறது. ஆயினும் வட்டில் இடம் கூடவில்லை. ஏதேனும் ஒரு நிரல் அக்கோப்பைத் திறந்து வைத்திருந்தால், பெயர் மறைந்தாலும் அது மூடப்படும்வரை இடம் விடுவிக்கப்படாது. இதை அறியாதவர் மேலும் மேலும் கோப்புகளை அழித்துக்கொண்டே போவார். முதலில் பார், பிறகு காரணத்தை ஊகி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்ற ஒழுங்கை இப்பயிற்சி பழக்குகிறது.

காப்புநகல்

2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நேர்ந்த நிகழ்வு இதற்குப் பொருத்தமான பாடமாகும். பழுது நீக்கிக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணை வழங்கியில் அழிக்கவேண்டிய தரவுத்தளக் கோப்புறையை முதன்மை வழங்கியில் அழித்துவிட்டார். வழக்கமான காப்புநகல் பணி அதற்கு முன்பே தோல்வியடைந்து வந்திருந்தது. அதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு வேறொரு தேவைக்காக எடுக்கப்பட்ட நகலைக் கொண்டே தளம் மீட்கப்பட்டது. நிறுவனம் முழு விவரத்தையும் தானே வெளியிட்டது.

மீட்டுப் பார்க்காத காப்புநகல் காப்புநகலாகாது என்பது இதிலிருந்து பெறப்படும் படிப்பினை. ஆகவே நகலெடுத்ததோடு செய்முறையை முடிக்காமல், வெற்றுக் கணினியில் அதை மீட்டுக் காட்டும்படி மாணவரைக் கேட்பது நல்ல வழக்கம். நடந்ததை மறைக்காமல் எழுதுவதும் பாடத்தின் ஒரு பகுதியாகிறது.

நெறிமுறை

நிர்வாகியால் பிறருடைய மின்னஞ்சலையும் கோப்புகளையும் படிக்க முடியும். படிக்க முடிவது வேறு, படிக்கும் உரிமை வேறு என்பதை மாணவர் உணரவேண்டும். பயனரின் தனியுரிமை, கடவுச்சொற்களைக் கையாளுதல், மேலதிகாரி முறையற்ற கோரிக்கை வைத்தால் செய்யவேண்டியது ஆகியவை வகுப்பில் விவாதிக்கப்படவேண்டியவை.

மதிப்பீடும் வரம்புகளும்

கட்டளைகளை மனப்பாடம் செய்தவரும் எழுத்துத் தேர்வில் தேறிவிடலாம். எனவே குறித்த நேரத்துக்குள் பழுதை நீக்கும் செய்முறைத் தேர்வு தேவைப்படுகிறது. ஒருவர் எழுதிய குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றொரு மாணவர் அதே வழங்கியை அமைக்க முடிகிறதா என்று பார்ப்பது ஆவணப்படுத்தலை மதிப்பிடும் எளிய வழி.

ஆயினும் ஆய்வகத்தில் காட்ட இயலாதவையும் உண்டு. ஒரு பருவம் சில மாதங்களில் முடிந்துவிடும். உண்மையான வழங்கிகள் பல ஆண்டுகள் இயங்குபவை. பழைய நிலைக்குத் திரும்பும் வசதி, அஞ்சாமல் முயன்று பார்க்கத் துணைசெய்தாலும், தவறினால் மீளமுடியாது என்ற எச்சரிக்கையைத் தருவதில்லை. அதனால், மேற்பார்வையுடன் துறையின் உண்மையான வழங்கிகளில் பணிபுரியும் பழைய முறை இன்றும் ஆய்வகப் பயிற்சிக்குத் துணையாகப் பயன்படுகிறது.