உருக்கும் நெருப்பில் உருகாத தகடு!

இன்றிரவு சமையல் வேலை முடிந்ததும், ஒரு நிமிடம் அடுப்பங்கரை விளக்கை நிமிர்ந்து பாருங்கள். கோலா சாவாவில் எரியும் அந்த விளக்குக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

அந்தக் காலத்தில் இதற்குப் பதில் சுலபம். பல தோட்டங்களில் இஞ்சின் ரூமில் டீசல் இஞ்சின் ஓடும். இரவில் அதை நிறுத்தியதும் லயம் முழுவதும் இருளில் மூழ்கிவிடும். இப்போது அப்படியில்லை. தீபகற்பமெங்கும் உள்ள மின் நிலையங்கள் ஒரே கம்பி வலையில் மின்சாரத்தைச் சேர்க்கின்றன. அவற்றுள் நமக்கு அருகில் உள்ளது, போர்ட்டிக்சன் கடலோரத்தில் நிற்கும் துவாங்கு ஜாபார் மின் நிலையம். முன்பு எண்ணெயை எரித்து நீராவி உண்டாக்கிய அந்த இடத்தில், 2000-ஆம் ஆண்டுகளில் எரிவாயு டர்பைன்கள் வந்தன.

நம் செம்பனைக் காட்டுக்கு மேலே, 1998-இல் திறக்கப்பட்ட செப்பாங் விமான நிலையத்தை நோக்கி இரைந்து செல்கிறதே விமானம், அதன் இஞ்சினும் இதே ஜாதிதான். ஒன்று மின்சாரம் தருகிறது. மற்றொன்று மனிதரைச் சுமக்கிறது.

இஞ்சினுக்குள் ஒரு விடுகதை

இது வேலை செய்யும் விதம் எளிது. முன்னால் உள்ள விசிறிகள் காற்றை இழுத்து இறுக்கி அழுத்துகின்றன. அழுத்திய காற்றில் எரிபொருள் எரிகிறது. அனல் பீறிட்டுப் பாய்ந்து, பின்னால் உள்ள வட்டத்தில் வரிசையாகப் பொருத்திய தகடுகளைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியே நமக்கு வேண்டிய சக்தி.

அனல் எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அவ்வளவு குறைந்த எரிபொருளில் அதிக வேலை கிடைக்கும். ஆகவே புதிய டர்பைன்கள் சிலவற்றில் அனலின் உஷ்ணம் 1,500 டிகிரி செல்சியஸுக்கு மேலும் போகிறது.

விடுகதை இங்கேதான் இருக்கிறது. அந்தத் தகடுகளை வார்ப்பது நிக்கல் கலப்பு உலோகத்தில். அதுவோ சுமார் 1,300 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும்! உருக்கும் நெருப்பின் நடுவே, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிக்கொண்டு, ஒரு லாரியின் எடை தன்னைப் பிடித்து இழுப்பது போன்ற இழுவையையும் தாங்கிக்கொண்டு, அந்தத் தகடு உருகாமல் நிற்பது எப்படி?

தோசைக்கல்லில் ஒரு பாடம்

நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்த்திருக்கிறீர்கள். துளி உடனே வற்றுவதில்லை, முத்துப்போல் உருண்டோடுகிறது. காரணம், துளிக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய ஆவிப் படலம் ஒன்று புகுந்து, சூடு நேரே தாக்காமல் தடுத்துவிடுகிறது.

தகட்டைக் காப்பதும் இப்படியொரு படலந்தான். இஞ்சின் இழுக்கும் காற்றில் ஒரு பங்கை எரிக்காமல் தகட்டுக்குத் திருப்பிவிடுகிறார்கள். சில இஞ்சின்களில் இது ஐந்தில் ஒரு பங்கு வரை ஆகும். தகட்டின் உள்ளே பாம்புபோல் வளைந்து செல்லும் பாதைகள் உண்டு. காற்று அவற்றில் ஓடி உள்ளிருந்து சூட்டை வாங்கிக்கொண்டு, மேற்பரப்பில் உள்ள பொடித் துளைகள் வழியே வெளியேறி, தகட்டின்மேல் போர்வைபோல் படர்கிறது. அந்தக் காற்றும் நூற்றுக்கணக்கான டிகிரி சூடுதான். ஆனால் நெருப்போடு ஒப்பிட்டால் அதுவே குளிர்ச்சி!

துளைகள் பலவும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அகலமே. சாதாரணத் துரப்பணம் இந்தக் கடின உலோகத்தில் சீக்கிரம் மழுங்கிவிடும். ஆதலால் லேசர் ஒளியாலும் மின்பொறியாலும் துளைக்கிறார்கள்.

உள்ளே இருக்கும் வளைந்த பாதையை எப்படி அமைத்தார்கள்? தஞ்சைச் சீமையில் சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகச் சிலை வார்ப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். டர்பைன் தகட்டை வார்ப்பதும் அதே மெழுகு முறையில்தான்! வளைந்த பாதையின் வடிவில் பீங்கான் கரு ஒன்றை முதலிலேயே உள்ளே வைத்துவிடுகிறார்கள். வார்த்த பின் அதைக் காரத்தில் கரைத்து எடுத்தால் பாதை தயார்.

பாட்டி பூசிய மண்

விறகடுப்பில் பானை ஏற்றுமுன், அதன் அடியில் மண்ணையோ சாம்பலையோ குழைத்துப் பூசுவார்கள் நம் பாட்டிமார். தகட்டுக்கும் அப்படியொரு பூச்சு உண்டு. முதலில் அலுமினியம் கலந்த ஓர் அடிப்பூச்சு. அலுமினியப் பாத்திரம் துருப்பிடிக்காததற்குக் காரணமான அதே தோல், இங்கும் உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கிறது. அதன்மேல், தலைமுடிக்குச் சமமான கனத்திலிருந்து சில முடிகளின் கனம் வரை, ஒரு வெள்ளைப் பீங்கான் பூச்சு. இது மட்டுமே நூறு டிகிரிக்கும் மேல் சூட்டைக் குறைத்துத் தரக்கூடியது.

அந்தப் பீங்கான் எது தெரியுமா? சிர்க்கோனியம் ஆக்ஸைடு, அதில் சிறிது இட்ரியம் ஆக்ஸைடும் கலந்திருக்கும். இவற்றைத் தரும் தாதுக்கள் இந்நாட்டு ஈய லம்பங்களில் ஈயத்தைப் பிரித்த பின் மிஞ்சிய 'அமாங்' மணலில் உண்டு. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல் மணலிலும் சிர்க்கோன் கிடைக்கிறது. கழிவென்று ஒதுக்கிய மணலுக்குள் நெருப்பைத் தடுக்கும் கவசம்!

மெருகு என்பது அழகுக்கா?

பூச்சு ஒட்ட வேண்டுமானால் பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்க வேண்டும். அதற்காக மணல் போன்ற துகளை வேகமாக வீசியடிக்கிறார்கள். பூசிய பிறகு, காற்று வழுக்கிச் செல்லும்படி மேற்பரப்பை வழவழப்பாக்க வேண்டும். தகட்டின் வேரும் அதைத் தாங்கும் வட்டும் வெடிக்காதிருக்க, சின்னஞ்சிறு உருண்டைகளால் அடித்து மேல்தோலை இறுக்குகிறார்கள். பூச்சு போகும்போது காற்றுத் துளைகள் அடைபடலாம். அவற்றை மீண்டும் திறந்து சோதித்தாக வேண்டும். துளை அடைத்துப்போனால் அந்த இடத்தில் காற்றுப் போர்வை கிழிந்தது என்று பொருள். அங்கே உலோகம் வெந்துவிடும்.

இஞ்சினில் சிறிய தவறு என்று ஒன்றில்லை. 2010 நவம்பர் 4-ஆம் தேதி, 469 பேரோடு சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் விமானத்தின் ஓர் இஞ்சின், பாத்தாம் தீவுக்கு மேலே வெடித்தது. காரணம், தகடுகூட அல்ல; ஒரு சிறு எண்ணெய்க் குழாய். அதன் உட்புறத்தை மையம் விலகிக் கடைந்ததால் ஒரு பக்கச் சுவர் மெலிந்துபோயிற்று. மெலிந்த இடம் விரிசல் கண்டு எண்ணெய் கசிந்து தீப்பிடிக்க, டர்பைன் வட்டு சிதறி இறக்கையைத் துளைத்தது. விமானிகளின் திறமையால் விமானம் சிங்கப்பூருக்கே திரும்பியது. அத்தனை பேரும் பிழைத்தார்கள். கடைசல் வேலையில் நேர்ந்த ஒரு சிறு பிசகு, 469 உயிர்களை ஊசிமுனையில் நிறுத்திவிட்டது!

நம் கைகளுக்குத் தெரியாததா?

செம்பனை வருமுன் பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டையில் கத்தி சற்று மேலோடினால் பால் குறையும். சற்று ஆழமாக இறங்கினால் மரத்துக்கே காயம். விடியாத இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், அந்த நூலிழை அளவை நம் தாய்மார்களின் கைகள் நாள்தோறும் காத்தன. அதை யாரும் 'நுணுக்கத் தொழில்' என்று அழைக்கவில்லை. அதற்கேற்ற கூலியும் கொடுக்கவில்லை.

இன்று உலகம் அத்தகைய கைகளைத் தேடுகிறது. ஆனால் கையோடு படிப்பையும் கேட்கிறது. "படிப்பு ஏறாத பிள்ளைதான் தொழிற்கல்விக்குப் போவான்" என்று பேசும் பெற்றோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். போர்ட்டிக்சனிலேயே போலிடெக்னிக் இருக்கிறது. கணக்கிலும் விஞ்ஞானத்திலும் ஆர்வமும், கையில் பொறுமையும் உள்ள உங்கள் மகனையும் மகளையும் அந்த வாசல்வரை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

கத்தியின் ஆழம் அறிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, அரை மில்லிமீட்டர் துளையின் அருமை புரியாமலா போய்விடும்?