விளக்கு பொய் சொல்லும், தெரியுமா?

அதற்கு முன் ஒரு பட்டன் கதை. போனில் 1, 2, 3 மேல்வரிசை. கால்குலேட்டரில் 7, 8, 9 மேல்வரிசை. கவனித்ததுண்டா? பட்டன் போன் வருமுன் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் எண்களை வட்டமாக, சாய்வாக, இரண்டே வரிசையாக எல்லாம் அடுக்கி, ஆட்களை அழுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். 1963-ல் டச்-டோன் போனாக வெளிவந்தது இன்றைய வரிசை!

இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு வயிற்றால் தரையைத் தேய்த்தன. எதிரி சுட்டா? இல்லை! சக்கரத்துக்கும் இறக்கையின் ஃப்ளாப்புக்கும் அடுத்தடுத்து ஒரே மாதிரி சுவிட்ச். களைத்த விமானி ஃப்ளாப்பை மடிப்பதாக நினைத்துச் சக்கரத்தை மடித்துவிடுவார். உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ் செய்த வைத்தியம்: சக்கர சுவிட்சின் நுனியில் குட்டி ரப்பர் சக்கரம், ஃப்ளாப் சுவிட்சில் ஆப்பு வடிவத் துண்டு. பார்க்காமலே கை கண்டுகொண்டது!

விளக்கே ஏமாற்றிய கதை இன்னும் பயங்கரம். 1979 மார்ச் 28, விடியற்காலை 4 மணி, பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அழுத்தம் ஏறியதும் திறந்த வால்வு, மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலோ அதற்கான விளக்கு அணைந்துவிட்டது. மூடிவிட்டது என்றுதானே நினைப்பார்கள்? அந்த விளக்குக்குத் தெரிந்ததெல்லாம் ‘மூடு’ என்ற உத்தரவு போனது மட்டும்! வால்வு உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்ட நேரடியாக எதுவும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட அலாரங்கள் ஒரே நேரத்தில் அலற, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலையின் எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது. ஊழியர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொய் சொல்லாத விளக்குக்கு நம் வாக்கு இயந்திரத்தைப் பாருங்கள்! சின்னத்துக்கு நேரே நீல பட்டன், அழுத்தியதும் சிவப்பு விளக்கு, நீளமாக ஒரு ‘பீப்’. பார்வையற்றோருக்குப் பிரெய்ல் எண். யாருக்கு வாக்களித்தோம் என்பதைக் கண்ணாடிக்குப் பின்னே 7 விநாடி காட்டும் விவிபாட் சீட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தடுமாற மாட்டார். 1982-ல் கேரளத்தின் பரவூரில் முதலில் தேர்தலுக்கு வந்த இந்த இயந்திரத்தின் உருவாக்கத்தில், பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனப் பொறியாளராக நம் எழுத்தாளர் சுஜாதாவுக்கும் பங்குண்டு!

நீங்களே ஆர்டுயினோ என்ற குட்டி மின்னணுப் பலகையில் பட்டன் வைத்து எண்ணும் கருவி செய்கிறீர்களா? ஒருமுறை அழுத்தினால் 4 என்று காட்டலாம், மிரளாதீர்கள்! உள்ளே உலோகத் தகடுகள் சில மில்லிசெகண்ட் துள்ளும். சிப் ஒவ்வொரு துள்ளலையும் எண்ணிவிடும். முதல் தொடுகைக்குப் பிறகு 20 மில்லிசெகண்ட் சிப் காதைப் பொத்திக்கொள்ளும்படி புரோகிராமில் எழுதுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.