நுண் திண்ம உந்தி

நுண் திண்ம உந்தி என்பது, சிலிக்கான் அல்லது கண்ணாடிச் சில்லில் குடையப்பட்ட சிறு அறைகளில் திண்ம எரிபொருளை நிரப்பி, மின்சாரத்தால் பற்றவைத்து, சிறிய செயற்கைக்கோள்களைத் தள்ளுவதற்காக உருவாக்கப்படும் கருவியாகும். நுண்மின்னியந்திர அமைப்புகளில் (மெம்ஸ்) ஆற்றல்மிகு பொருட்களைச் சேர்க்கும் முயற்சிகளுள் இதுவும் ஒன்று. எரிபொருளையும் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனையும் தன்னுள்ளேயே கொண்டதால், இத்தகைய பொருள் காற்றில்லாத விண்வெளியிலும் எரியும். தீக்குச்சியின் தலை இதற்கு எளிய எடுத்துக்காட்டு.

அமைப்பு

பொதுவாக மூன்று அடுக்குகள் இருக்கும். கீழே மின்தடை, நடுவில் எரிபொருள் அறை, மேலே மெல்லிய சவ்வு. மின்னோட்டத்தால் மின்தடை சூடாகி எரிபொருள் பற்றிக்கொள்ளும். வாயு சவ்வைக் கிழித்து வெளியேற, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி செயற்கைக்கோள் எதிர்த்திசையில் தள்ளப்படும். வால்வு, குழாய், தொட்டி எதுவும் தேவையில்லை. ஆனால் ஓர் அறை ஒரு முறைதான் பயன்படும். எனவே ஒரே சில்லில் பல அறைகள் கட்டங்கட்டமாக அமைக்கப்படுகின்றன.

ஓர் அறை 0.1 மில்லிநியூட்டன்-நொடி கணத்தாக்கு தருவதாகக் கொள்வோம். 1 கிலோகிராம் செயற்கைக்கோளின் வேகம் அதனால் நொடிக்கு 0.1 மில்லிமீட்டர் மாறும். நொடிக்கு 1 மீட்டர் மாற வேண்டுமானால் 10,000 அறைகள் எரிய வேண்டும்! ஆகவே இது நெடும்பயணத்துக்கான பொறியன்று. நிலையைச் சிறிது சிறிதாகத் திருத்தவே ஏற்றது.

சுவர் வழியே வெப்ப இழப்பு

உண்மையான சிக்கல் அளவில்தான் இருக்கிறது. 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தில் ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் 6 சதுர சென்டிமீட்டர் புறப்பரப்பு உண்டு. பக்கம் 1 மில்லிமீட்டரானால் அது 60 ஆகிவிடும். வெப்பம் பிறப்பது கன அளவில். இழக்கப்படுவது பரப்பின் வழியே. எனவே அறை சிறுக்கச் சிறுக்கச் சுடர் பாதியிலேயே அணைந்துவிடக்கூடும். 1815-இல் ஹம்ப்ரி டேவி உருவாக்கிய சுரங்க விளக்கின் கம்பிவலை சுடரை வெளியே விடாமல் தடுத்ததும் இதே காரணத்தால்தான். அங்கே உயிர் காத்த இயற்பியல் இங்கே இடையூறாகிறது.

சிலிக்கான் வெப்பத்தை நன்கு கடத்தும். கண்ணாடி கடத்துவது அதில் நூறில் ஒரு பங்கு அளவே. அதனால் அறைச்சுவருக்குக் கண்ணாடி நல்லது. வேகமாக எரியும் பொருளைத் தேர்வதும் ஒரு வழி. பிரான்சில் துலூஸ் நகரின் லாஸ் ஆய்வகத்தில் கரோல் ரோசி குழுவினர் அலுமினியத்தையும் காப்பர் ஆக்சைடையும் மிக மெல்லிய படலங்களாக மாறிமாறி அடுக்கி ஆராய்ந்துள்ளனர்.

தயாரிப்பும் சோதனையும்

சிலிக்கானையும் கண்ணாடியையும் ஒட்டும் வழக்கமான முறைக்கு ஏறத்தாழ 300 முதல் 450 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். எரிபொருள் உள்ளே இருந்தால் அப்போதே பற்றிவிடும் அல்லது சிதைந்துவிடும். ஆதலால் சூடான வேலைகளை முதலில் முடித்து, எரிபொருளைப் பின்னர் நிரப்பி, குறைந்த வெப்பநிலையில் பசையால் மூடுகின்றனர்.

சோதிப்பது இன்னும் கடினம். வால்வை நூறு முறை திறந்து மூடிப் பார்த்த பிறகு விண்ணுக்கு அனுப்பலாம். இந்த அறையை எரித்துப் பார்த்தால் அது தீர்ந்துவிடும். மின்தடை அறுபடாமல் இருக்கிறதா என்பதைச் சிறு மின்னோட்டத்தால் அறியலாம். மற்றபடி ஒரே தொகுப்பில் செய்த வேறு அறைகளை எரித்துப் பார்த்தே, பறக்கப்போகும் அறையை மதிப்பிட வேண்டியுள்ளது.