கடலடியில் ஒரு சுருதி

2004 டிசம்பர் 26 காலை மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியது. கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் நீருக்குள் கிடந்த பாறைகள் சற்று நேரம் வெளியே தெரிந்தன. பிறகு அலை வந்தது. சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்து அதற்குள் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகியிருந்தது. வழியில் அந்த அலையைக் கண்டு சொல்ல அன்று வங்கக் கடலில் ஒரு கருவியும் இல்லை.

ஆழ்கடலில் சுனாமி படகில் இருப்பவர்களுக்கே தெரியாது. அன்று மேலே கடந்துபோன செயற்கைக்கோள் அளந்த உயரம் ஏறத்தாழ 60 செ.மீ.தான். ஆனால் காற்று எழுப்பும் அலை மேலோடு நின்றுவிடும்; சுனாமியோ அடித்தரை வரை முழு நீரையும் அசைக்கும். ஆகவே தேட வேண்டிய இடம் கடலடி. 4,000 மீட்டர் ஆழத்தில் இருந்துகொண்டு நீர்மட்டம் ஒரு செ.மீ. ஏறியதை அறிவதென்றால், மேலே நிற்கும் நீரின் எடையில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு மாற்றத்தை அறிய வேண்டும்.

இதைச் செய்வது குவார்ட்ஸ் படிகத்தில் வெட்டிய ஒரு சின்னஞ்சிறு இசைக்கவை. மின்சாரம் பட்டால் குவார்ட்ஸ் அதிரும்; கைக்கடிகாரத்துக்குள் நொடிக்கு 32,768 முறை அதிர்வதும் இதன் உறவுதான். கடலடிக் கருவியில் வளைந்த உலோகக் குழாய்க்குள் அழுத்தம் ஏறும்போது குழாய் நிமிரப் பார்க்கும். அந்த இழுப்பு படிகத்தின் மேல் விழும். தம்புராவின் பிருடையை முறுக்கினால் சுருதி ஏறுமே, அதுபோல் படிகத்தின் அதிர்வெண் ஏறும்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது, எடையை எண்ணிக்கையாக மாற்றிவிடும் அழகு. மின்னழுத்தமாக அளந்தால் வழியில் தேயும், இரைச்சல் கலக்கும். அதிர்வை எண்ணினால் அந்தத் தொல்லை குறைவு. கூடுதல் நேரம் எண்ணினால் நுட்பமும் கூடும். வெப்பமும் சுருதியை மாற்றும் என்பதால், வெப்பத்தை மட்டும் சொல்ல இன்னொரு படிகத்தைப் பக்கத்தில் வைத்துத் திருத்திக்கொள்கிறார்கள்.

பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் இத்தகைய அழுத்தமானிகளை வங்கக் கடலில் இறக்கியிருக்கிறது. வழக்கமான ஓதத்துக்குப் பொருந்தாத மாற்றம் தெரிந்தால், கருவி ஒலியலையால் மேலே மிதவைக்குச் சொல்லும். மிதவை செயற்கைக்கோள் வழியே கரைக்குச் சொல்லும். ஐதராபாத்தில் 2007 அக்டோபர் முதல் எச்சரிக்கை மையம் இயங்குகிறது.

மிதவையின் அடியில் மீன் கூடும். அதற்காகப் படகுகள் நெருங்குவதும், கயிறு கட்டுவதும், மிதவை சேதமாவதும் உண்டு. அதனால் நிறுவனத்தார் மீனவர்களிடமே போய், அதைத் தொடாமல் விடுங்கள் என்று கேட்டு வருகிறார்கள்.