இடியும் ஏரியும்

2025-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், கடலூர் மாவட்டம் வேப்பூரை அடுத்த கழுதூரில், மக்காச்சோளக் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் மின்னலுக்குப் பலியானார்கள். நெய்வேலியும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதன் சுரங்கங்களிலிருந்து இறைக்கப்படும் ஜலம் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ச் சேருகிறது. இவ்வேரிகளிலும், கிழக்கே சமுத்திரத்திலும் மீன் பிடித்து ஜீவிக்கும் ஏழை ஜனங்களைப் பற்றியே நாம் இன்று கவலைப்படுகிறோம்.

கொல்லையிலாவது மரமோ மேடோ இருக்கும். நீர்ப்பரப்பிலோ, தோணியில் நிற்கும் மனிதனே எல்லாவற்றிலும் உயரமானவன். மின்னல் நீரில் விழுந்தாலும், அதன் வேகம் மேற்பரப்பில் பரவி அருகிலிருப்பவரைத் தாக்கும்.

“எல்லாம் விதி” என்பர் சிலர். 2022-ல் மாத்திரம் இத்தேசத்தில் 2,887 பேர் மின்னலால் மாண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகிறது. இத்தனை பிராணனையும் விதியின் தலையில் சுமத்துவது நியாயமாகுமா? இடி கேட்டதும் “அர்ஜுனா, அர்ஜுனா” என்று சொல்லும் வழக்கத்தை நாம் பரிகசிக்கவில்லை. அதைச் சொல்லிக்கொண்டே கரையேறிவிட வேண்டுமென்பதே நம் கோரிக்கை.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடி சென்றால், அது ஒரு கிலோமீட்டர் தூரத்தில் விழுந்ததென்று அறியலாம். ஆயினும் எண்ணிக்கொண்டு நிற்பது உசிதமன்று. இடி காதில் விழுந்தாலே அபாய எல்லைக்குள் இருக்கிறோமென்று கொள்ள வேண்டும். கரையேறியவர் மரத்தடியை நாடாமல் கட்டடத்துக்குள் புக வேண்டும். கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரம் கழியும் வரை நீரில் இறங்கலாகாது. கரை சேர முடியாதவர் தூண்டிற் கழியைக் கீழே வைத்து, உலோகத்தைத் தொடாமல், நீரில் கை வைக்காமல், தோணியின் நடுவே தாழ்ந்து அமர வேண்டும். மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. தயங்காமல் தொட்டு முதலுதவி செய்து, 108-க்குத் தகவல் சொல்ல வேண்டும்.

புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தாரின் ‘தாமினி’ செயலி, அருகில் மின்னல் வருவதை முன்கூட்டியே அறிவிக்கிறது. ஆனால் நடு ஏரியில் வலை இழுப்பவன் அலைபேசியையா பார்த்துக்கொண்டிருப்பான்? அவன் காதுக்கு எட்டும்படி ஏரிக்கரைகளில் ஒலிபெருக்கி வைப்பது சர்க்காரின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது கிராமத் தொண்டர்களின் கடமை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

பூமிக்குள் கிடந்த பழுப்பு நிலக்கரியை மின்சாரமாக்கி மாகாணங்களுக்கெல்லாம் வழங்கும் ஊரின் பக்கத்தில், வானத்து மின்சாரத்துக்கு ஓர் ஏழை எச்சரிக்கையின்றிப் பலியாவதை நாம் பொறுத்திருக்கலாகாது.