திருமுக்கூடல் கல்வெட்டு மருந்துகளும் வயல் இரசாயனமும்

காஞ்சிபுரத்தை அடுத்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடும் இடத்தில் அமைந்துள்ள ஊர் திருமுக்கூடல். இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்திய நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இக்கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து இயங்கிய கல்விச்சாலையையும், 15 படுக்கைகள் கொண்ட 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலையையும் பற்றி விரிவாகக் கூறுகிறது. மருத்துவர், சல்லியக்கிரியை செய்பவர், பச்சிலை பறித்து வருபவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் ஆகியோர் அங்கு பணியாற்றினர். ஆதுலசாலையில் இருப்பு வைக்க வேண்டிய ஏறத்தாழ இருபது மருந்துகளின் பெயர்களும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன.

வரலாற்று ஆசிரியர்கள் பெரிதும் போற்றும் இப்பட்டியலை விவசாயிகளும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். வாசா ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, பல்லாதக ஹரீதகி, லசுநாத்யேரண்ட தைலம், புராண கிருதம் என்ற வடமொழிப் பெயர்களைப் பிரித்தால் கடுக்காய், ஆடாதோடை, பசுவின் கோமியம், சேராங்கொட்டை, பூண்டு, ஆமணக்கு, பழைய நெய் என்று தெரிந்த சரக்குகளே வெளிப்படும். இவை ஒவ்வொன்றின் குணத்துக்கும் பின்னால் ஒரு சிறிய அணுக்கூட்டம் இருக்கிறது. அதை இரசாயன நூல்கள் வினைத்தொகுதி என்கின்றன.

உயிர்ப்பொருள்களில் கார்பன் அணுக்கள் சங்கிலியாகவோ வளையமாகவோ கோத்து நிற்கின்றன. இந்தச் சங்கிலி ஒரு டிராக்டரைப் போன்றது. பின்னால் கலப்பையை மாட்டினால் உழும், டிரெய்லரை மாட்டினால் சுமை இழுக்கும். கார்பன் சங்கிலியில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி இருந்தால் ஒரு குணம். கார்பாக்சில் தொகுதி இருந்தால் புளிப்பான அமிலம். அமிலமும் ஆல்கஹாலும் நீரை விட்டு இணைந்தால் எஸ்டர். நைட்ரஜன் வந்து சேர்ந்தால் அமீன் அல்லது அமைடு.

ஆமணக்கின் தனிக்குணம்

கடலை எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றுமே கிளிசரினுடன் கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த எஸ்டர்கள்தாம். அப்படியிருக்க விளக்கெண்ணெய் மட்டும் ஏன் இவ்வளவு பிசுக்காக இருக்கிறது? அதிலுள்ள கொழுப்பு அமிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு ரிசினோலிக் அமிலம். 18 கார்பன்கள் கொண்ட இச்சங்கிலியில் 12ஆவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தொகுதிகள் ஒன்றையொன்று பற்றி இழுப்பதால்தான் எண்ணெய் கெட்டியாக ஒழுகுகிறது. மற்ற சமையல் எண்ணெய்கள் ஆல்கஹாலில் எளிதில் கரைவதில்லை, விளக்கெண்ணெய் கரைந்துவிடும். காரணம் அதே ஹைட்ராக்சில்தான்.

பேதி மருந்தாக அது வேலை செய்வதும் ஓர் எஸ்டர் சிதைவினால்தான். குடலில் உள்ள நொதிகள் எஸ்டர் பிணைப்பை அறுத்து ரிசினோலிக் அமிலத்தை விடுவிக்கின்றன. அந்த அமிலம் குடல் தசையில் எந்த ஏற்பியின் வழியாகச் செயல்படுகிறது என்பது 2012ஆம் ஆண்டில்தான் துலங்கியது. சோழர் கால வைத்தியருக்குப் பலன் தெரிந்திருந்தது. வழி தெரியப் பல நூற்றாண்டுகள் ஆயின.

தொழிற்சாலைகள் ஆமணக்கைத் தேடுவதும் இந்த ஒரு தொகுதிக்காகவே. அதை நீராக வெளியேற்றினால் சங்கிலியில் இன்னொரு இரட்டைப் பிணைப்பு உண்டாகி, பெயின்ட்டுக்கு ஏற்ற உலரும் எண்ணெய் கிடைக்கிறது. கந்தக அமிலத்துடன் சேர்த்தால் சாயத்தொழிலில் பயன்படும் துருக்கிச் சிவப்பு எண்ணெய். ஹைட்ரஜனை ஏற்றினால் மெழுகு. உலக உற்பத்தியில் இந்தியாவே முதலிடம் வகிக்கிறது. அதில் பெரும்பங்கு குஜராத்துடையது. தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல், தருமபுரிப் பகுதிகளில் மானாவாரியாகப் பயிராகிறது. ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஒய்.ஆர்.சி.எச். 1 வீரிய ஒட்டு ரகம் அங்கு பரவியுள்ளது. காஞ்சிபுரம் பக்கத்தில் ஆமணக்கு பெரும்பாலும் நிலக்கடலையின் வரப்போரப் பயிர்தான். புரோடீனியா புழுவின் தாய் அந்துப்பூச்சி அதன் இலையில் வந்து முட்டையிடுவதால், முட்டைக் குவியலை இலையோடு கிள்ளி அழிப்பது எளிது.

ஓர் எச்சரிக்கை. கொட்டைமுத்தில் உள்ள ரிசின் என்னும் கொடிய நஞ்சு ஒரு புரதம். அது எண்ணெயில் கரையாது. எண்ணெய் ஆடிய பின் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். ஆமணக்குப் புண்ணாக்கில் 4 சதவீதத்துக்கு மேல் தழைச்சத்து உள்ளதால் சிறந்த எரு. ஆனால் ஆடு மாடுகளுக்கு வைக்கக்கூடாது. எருவாக இட்ட பின்னும் மண்ணில் மூடிவிட வேண்டும். வாசனைக்கு நாய்கள் தின்று மடிவது உண்டு.

கடுக்காயும் சேராங்கொட்டையும்

ஹைட்ராக்சில் தொகுதி நேர்ச் சங்கிலியில் இல்லாமல் ஆறு கார்பன் வளையத்தில் ஒட்டியிருந்தால் அது பீனால். ஒரே தொகுதி, இடம் மாறினால் குணம் வேறு. கடுக்காயின் துவர்ப்பு இந்தப் பீனால் தொகுதிகள் நிறைந்த டானின்களால் உண்டாகிறது. அவை புரதத்தைக் கெட்டியாகப் பற்றுகின்றன. நாக்கின் எச்சில் புரதத்தைப் பற்றினால் துவர்ப்பு. தோலின் புரதத்தைப் பற்றினால் பதனிட்ட தோல். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரு பீனால் தொகுதிகள் இரும்பையும் விடுவதில்லை. அதனால் கடுக்காய்க் கஷாயம் இரும்புச் சட்டியில் மை போலக் கறுத்துவிடும். மண்பாண்டம் அல்லது எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது.

சேராங்கொட்டையிலும் பீனால் உண்டு. ஆனால் 15 கார்பன் வால் ஒன்றும் கூடவே இருப்பதால் அது எண்ணெயாகத் தோலுக்குள் ஊடுருவிப் புண்ணாக்குகிறது. சலவைத் தொழிலாளர்கள் துணிக்குக் குறி போட்டது இதன் சாற்றினால்தான். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் கைகளை அரிப்பது இதன் நெருங்கிய உறவு. முந்திரித் தோட்டின் அனகார்டிக் அமிலத்தில் பீனாலுடன் கார்பாக்சில் தொகுதியும் இருக்கிறது. தோட்டெண்ணெயைச் சூடாக்கினால் அந்தத் தொகுதி கரியமில வாயுவாகப் பிரிந்து, பிரேக் லைனிங் போன்றவற்றில் பயன்படும் கார்டனால் கிடைக்கிறது. வறுத்தாலும் அரிப்பு முழுதும் போய்விடாது. விளக்கெண்ணெய் தடவிக்கொள்வதைக் காட்டிலும் கையுறை அணிவது மேல்.

பூண்டைப் பற்றி ஒரு வார்த்தை. முழுப் பல்லில் வாசனை அதிகம் இல்லை. நசுக்கும்போதுதான் ஒரு நொதி வேலை செய்து கந்தகம் உள்ள அல்லிசினை உண்டாக்குகிறது. இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசல் தயாரிப்பவர்கள் பூண்டை முழுசாகக் கொதிக்க வைத்தால் நொதி அழிந்து உழைப்பு வீண். முதலில் நன்கு இடித்துச் சற்று நேரம் வைக்க வேண்டும்.

கோமியமும் யூரியாவும்

கோமியத்தில் உள்ள முக்கியமான தழைச்சத்துப் பொருள் யூரியா. 1828இல் ஜெர்மானிய விஞ்ஞானி வோலர் ஆய்வுக்கூடத்தில் தயாரித்ததும், இன்று மூட்டையில் வருவதும் அதே பொருள்தான். யூரியா ஓர் அமைடு. காஞ்சிப் பட்டு நூலின் புரதத்தைக் கோத்திருப்பதும் அமைடுப் பிணைப்பே. கடுங்காரத்தில் பட்டு நைந்து போவது அப்பிணைப்பு அறுவதால்தான். யூரியாவின் பிணைப்பை மண்ணில் உள்ள யூரியேஸ் நொதி சில நாட்களிலேயே அறுத்து அம்மோனியா ஆக்குகிறது. கட்டுத்தரையில் மூக்கைத் துளைக்கும் நெடியும் அதுவே.

2015 முதல் நாட்டில் விற்கும் யூரியா வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. இனி எப்படித் தூவினாலும் வீணாகாது என்று சிலர் நினைப்பது சரியல்ல. வேம்பு, அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும். மேலாக இட்ட யூரியாவிலிருந்து அம்மோனியா ஆவியாவதைத் தடுத்து நிறுத்தாது. நெல் வயலில் தேங்கிய நீரை வடித்து, மேலுரமிட்டு, மண்ணோடு கலக்கிய பிறகு நீர் கட்டும் பழைய முறையைக் கைவிடலாகாது. காரத்தன்மையுள்ள நிலங்களில் இது மேலும் அவசியம்.

மருந்துத் தொட்டியில் எஸ்டர்

கல்வெட்டில் கூறப்படும் பழைய நெய்யின் வாடை, எஸ்டர் சிதைந்து பியூட்டிரிக் அமிலம் வெளிப்படுவதால் உண்டாவது. நெய்யில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் இந்தச் சிதைவு காரத்தில் விரைந்து நடக்கும். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சோப்பு ஆவது இப்படித்தான். இதே வினை தெளிப்பானுக்குள் நடக்கும்போது விவசாயிக்கு நஷ்டம்.

மாலத்தியான் போன்ற பாஸ்பரஸ் வகைப் பூச்சி மருந்துகளும் எஸ்டர்களே. கார்பமேட் வகை மருந்துகளிலும் இதற்கு ஒப்பான பிணைப்பு உண்டு. கார அமில நிலை 9 உள்ள நீரில் மாலத்தியானின் பெரும்பகுதி ஒரே நாளில் சிதைந்துவிடும். ஆகையால் இவற்றைப் போர்டோ கலவையுடனோ, சுண்ணாம்பு சேர்ந்த வேறு கரைசலுடனோ கலக்கவே கூடாது. உவர்க் கிணற்று நீரில் காலையில் கலக்கி மாலைவரை வைத்திருந்து அடித்துவிட்டு, 'மருந்து போலி' என்று கடைக்காரரைக் குறை கூறுவதும் நடக்கிறது. போலி இல்லாமல் இல்லை. ஆனால் நீரையும் சந்தேகிக்க வேண்டும். வேப்பங்கொட்டைக் கரைசலின் அசாடிராக்டினிலும் எஸ்டர் தொகுதிகள் உள்ளன. வெயிலும் காரமும் அதற்கு ஆகாது. சோப்புக் கரைசலைத் தெளிக்கும் நேரத்தில்தான் சேர்த்து, மாலை வேளையில் உடனே தெளித்து முடிக்க வேண்டும்.

களைக்கொல்லி 2,4-டி சோடியம் உப்பாகவும், அமீன் உப்பாகவும், எத்தில் எஸ்டராகவும் கிடைக்கிறது. மூன்றிலும் கொல்லும் அமிலம் ஒன்றே. எஸ்டர் மட்டும் எளிதில் ஆவியாகிக் காற்றோடு பக்கத்து வயலுக்குப் போகும். அருகே பருத்தி, தக்காளி, வெண்டை இருந்தால் எஸ்டர் வகையைத் தவிர்ப்பதே நல்லது.

கிணற்று நீரை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். மஞ்சள் தூளைக் குழைத்து வெள்ளைத் தாளில் தடவி உலரவிட்டு, நீரில் நனைத்தால் நல்ல காரமாக இருப்பின் செம்பழுப்பாக மாறும். மஞ்சளில் உள்ள பீனால் தொகுதி காரத்தில் ஹைட்ரஜனை இழப்பதே நிறமாற்றத்துக்குக் காரணம். நிறம் மாறாத நீரும் இலேசான காரமாக இருக்கக்கூடும் என்பதால், மண் பரிசோதனைக்கு மாதிரி கொண்டுபோகும்போது ஒரு பாட்டில் கிணற்று நீரையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். பாட்டிலை அதே நீரில் இரண்டு மூன்று முறை அலசி, மோட்டார் ஓடிச் சற்று நேரம் கழித்துப் பிடிக்க வேண்டும்.